கழுவிய தண்ணீரில் வந்த நூல்

ஏப்ரல் 3, 1972. திங்கள்

வெயில். காற்று பேருக்குக்கூட இல்லை. குழாயில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர், அதுவும் துரு நிறம். இரண்டு வாளி பிடித்தேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு. போர்ட் பிளேரில் எங்கள் ஷாதிபூர் முழுக்க இதே கதைதான். மழை வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

கட்டு மாற்றும் நாள். கனகத்தின் குரல் ஆஸ்பத்திரி மாடிப்படி வரை கேட்டது. படியிலேயே நின்றுவிட்டேன். ஸ்டவ் வெடித்து அவளைச் சுட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது. இடது கை முழுக்க, தோள், விலாப்பக்கம். உங்கள் மனைவிக்கு முகம் தப்பித்ததே என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆறுதல் சொல்கிறார்கள். கட்டு மாற்றும்போது அவர்களில் ஒருவர்கூட அங்கே இருந்ததில்லை.

டாக்டர் அம்மா வெராந்தாவில் நிறுத்திப் பேசினார். மலையாளி. எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"புதுத் தோல் வருது சார். பக்ஷே துணி அதுல ஒட்டிப் பிடிக்குது. எடுக்கும்போது தோலும் கூடவே வருது. அந்த முழங்கை மடக்கு இருக்கே, அங்க ஒவ்வொரு தடவையும் நாங்க முதல்லேர்ந்து தொடங்குறோம்."

வாஸ்லின் தடவிய துணியும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மடக்கில் நிற்காமல் நகர்ந்துவிடுகிறது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன். இந்த நிலையில் கப்பலில் ஏற்ற வேண்டாம், நடுக்கடலில் காய்ச்சல் கண்டால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றார்.

வாங்க: விறகு (மண்ணெண்ணெய் வேண்டாம், இனி அந்த வாசனையே வேண்டாம்). மகள் வசந்திக்கு ரப்பர் செருப்பு. கனகம் பல்லில் கடித்துக்கொள்ளப் பழைய துண்டு.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஆய்வகத்தில் கை ஓடவில்லை. என் வேலைதான் என்ன? கரையில் ஒதுங்கும் பழுப்புக் கடல்பாசியைச் சோடா உப்பில் வேகவைத்துப் பசைத்தூள் எடுப்பது. அது துணி ஆலைக்கு ஆகுமா, ஐஸ்கிரீமுக்கு ஆகுமா என்று மெயின்லேண்டுக்கு எழுதிக்கொண்டிருப்பது. மூன்று வருடமாக எழுதுகிறேன். ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்கள் யாரும் பதில் போடவில்லை.

தூள் டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. இதே பாசிப் பசையை நூலாக்கி வெளிநாட்டில் யுத்த காலத்தில் காயத்துக்குப் போட்டார்கள் என்று எப்போதோ படித்தது. பஞ்சு மாதிரி இருக்கும். புண்ணின் ஈரம் பட்டால் கூழாகும். உப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒட்டாது.

ஒட்டாது.

அங்கே நூல் எடுக்க மிகச் சின்னத் துளைகள் போட்ட தகடு இருக்கும், சேமியா பிழிவதைப் போலப் பிழிவார்கள். நான் ஊசி போடும் குழாயில் பிழிந்து பார்த்தேன். தூண்டிலில் கட்டி மீன் பிடிக்கலாம், அவ்வளவு தடிமன்.

மீதி இருப்பது பாம்பு மெஷின். கடல்பாம்பு விஷத்தைக் காயவைப்பதற்கு ஒருவர் கொண்டுவந்தார். அவர் மாற்றலில் போய்விட்டார். மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கரைசலைக் கல்லாக உறையவைத்து, அதிலிருந்து பம்பால் காற்றை இழுத்துக்கொண்டே இருந்தால், ஐஸ் உருகாமலேயே ஆவியாகிப் போய்விடும். கரைந்திருந்த பொருள் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே நிற்கும். பசை அப்படிப் பஞ்சாக நின்றால் போதும்.

அட்டெண்டர் பிஷனும் நானும் தார்ப்பாயை இழுத்தோம். பிஷன் இங்கேயே பிறந்தவர், தாத்தா காலாபாணிக் கைதி. என்னைவிட வயதில் மூத்தவர்.

"சாப், இது இன்னும் ஜிந்தா, உயிரோட இருக்கா?"

ஓடியது. பம்ப் எண்ணெய் மட்டும் மோர் நிறம். நாலு மூக்கு உள்ள கண்ணாடிக் குழல், ஒவ்வொரு மூக்கிலும் ஒரு குடுவை மாட்ட வேண்டும். நாலாவது மூக்கின் ரப்பர் வெடித்துப் போயிருக்கிறது, மூட வராது. அதில் சும்மாவாவது ஒரு குடுவை தொங்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகுந்துவிடும்.

ஏப்ரல் 5, புதன்

கட்டு. இன்று பக்கத்திலேயே நின்றேன். அதை எழுதப் போவதில்லை.

முடிந்த பிறகு கனகம் சொன்னது: "என்னங்க, இனி கட்டு மாத்தாம அப்படியே விட்டுரச் சொல்லுங்களேன். எப்படியும் போவட்டும்."

எப்படியும் போகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் அபர்தீன் பஜார். உறையவைக்க மீன் ஐஸ் போதாது, அதைவிடப் பல மடங்கு குளிர் வேண்டும். சோடாவில் ஏற்றுகிற வாயு சிலிண்டரைச் சாய்த்து, வாயில் கித்தான் பையைக் கட்டித் திறந்தால் பைக்குள் வெள்ளைப் பனி விழும். அதை ஸ்பிரிட்டில் கலந்தால் தொட்டதெல்லாம் கல்லாகிவிடும். அந்தச் சிலிண்டர் எனக்குத் தெரிந்து ஒருவரிடம்தான் இருக்கிறது, சோடா கம்பெனி அண்ணாச்சி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ரெண்டுதான் கெடக்கு சார். அடுத்தது கப்பல்ல வந்தாத்தான். கப்பல் எப்ப வரும்னு கேக்காதீய, அது கப்பலுக்கே தெரியாது."

விஷயத்தைச் சொன்னேன். ஐஸ் உருகாமல் எப்படி மாயமாகப் போகும் என்று இரண்டு தடவை கேட்டார். நம்பவில்லை. அப்புறம் கனகத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். எழுந்து ஒரு சிலிண்டரை என் பக்கமாக உருட்டினார்.

"ஒண்ணைத் தூக்கிட்டுப் போங்க. சோடா குடிக்கலன்னா ஊரு செத்துரவா போவுது."

ஏப்ரல் 7, வெள்ளி

முதல் முயற்சி. கெட்டியாகக் கரைத்தேன், பாயசப் பதம். காரணம் இருக்கிறது. தண்ணீர் குறைவாக இருந்தால் ஐஸ் குறைவு, சீக்கிரம் காயும். இங்கே கரன்ட் எப்போது வேண்டுமானாலும் போகும், போவதற்குள் முடிய வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கையிருப்பில் ஒரு ஜாடிதான், வடிகலனைக் குளிர்விக்கக் குழாயில் தண்ணீர் வந்தால்தானே.

சிலிண்டரைத் திறந்ததும் பெரிய இரைச்சல். எதிர்க் குவார்ட்டர்ஸில் எட்டிப் பார்த்தார்கள். பையைப் பிரித்துக் கையால் அள்ளினேன், புத்திகெட்டவன். வலது கை விரல்களில் கொப்புளம்.

பதினொரு மணிக்குப் பம்ப் போட்டோம். இரண்டு மணிக்கு எல்லாம் நின்றது.

"சாப், பிஜிலி சலா கயா."

விசிறியைப் பார்த்தாலே தெரிகிறது, இதை அவர் சொல்ல வேண்டுமா. கத்திவிட்டேன். கரன்ட் போனதற்கு பிஷன் என்ன செய்வார். திரும்பி வந்தபோது குடுவைகளில் ஐஸ் உருகிக் கோழை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பிஷனிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். "கோயி பாத் நஹி, பரவாயில்ல. பாபி எப்படி இருக்கு?" என்று கனகத்தை விசாரித்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டு முடிந்திருந்தது. கனகம் என் விரலைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் சுட்டுட்டா?"

குளிரில் வந்த புண் என்றேன். "குளிருமா சுடும்?" என்று கேட்டுவிட்டு, சுடாத வலது கையால் என் விரலைப் பிடித்து ஊதினாள். வெராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாங்கவில்லை.

ஏப்ரல் 8, சனி

இரண்டாவது. கரன்ட் போகவில்லை, சாயங்காலம் வரை. காய்ந்தது. குடுவையை உடைக்காத குறையாகச் சுரண்டி எடுத்தால் அப்பளம். அடுக்கடுக்காக, ஓரமெல்லாம் கூராக. புண்ணில் வைக்கிற பொருளா இது. விரலால் அழுத்தினேன், நொறுங்கியது.

ஏப்ரல் 10, திங்கள்

நொறுங்குகிறதே என்று இன்னும் கெட்டியாகக் கரைத்தேன். அப்பளம் போய்ப் பலகை. பிஷன் அதை மேஜையில் தட்டிப் பார்த்தார், சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டு. நான் போகவில்லை. வேலை இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போகாததுக்கு அது காரணமில்லை.

வசந்தி பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி மாஸி வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்குகிறாள். இன்று என்னைப் பார்த்ததும் "அம்மா கப் ஆயேகி?" என்றாள். அம்மா எப்போது வருவாள் என்று தமிழில் கேட்கக்கூட மறந்துவிட்டாள். நானும் இந்தியிலேயே சொன்னேன். பொய் சொல்ல அந்தப் பாஷை கொஞ்சம் வசதியாக இருந்தது.

ஏப்ரல் 12, புதன்

கனகம் கட்டைத் தொடவிடவில்லை. சிஸ்டர் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் எழுந்து சுவரோரம் ஒண்டிக்கொண்டாளாம். நான் போகும்போது டாக்டர் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், நயந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

கனகம்: "வேண்டாம்ங்கேன். என்னைக் கொன்னு போடுங்க, தொட விடமாட்டேன்."

என்னைப் பார்த்து: "நீங்களும் அவங்க பக்கமா? வெளிய போங்க."

போனேன்.

டாக்டர் அம்மா பின்னால் வந்தார். மறுநாள் மயக்க ஊசி போட்டு மாற்றுவதாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படிச் செய்ய முடியாது, உடம்பு தாங்காது, மருந்தும் அவ்வளவு இல்லை. மாற்றாமல் விட்டால் புண் அழுகும். மாற்றினால் தோல் போகும். இரண்டையும் வரிசையாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதோ மூன்றாவது வழி வைத்திருப்பதைப் போல.

வைத்திருக்கிறேன். பலகை.

பயமாக இருக்கிறது. பட்டவர்த்தனமாக எழுதுகிறேன். அவள் பிழைக்க மாட்டாளோ என்று இன்றுதான் முதல் தடவையாக முழுசாக நினைத்தேன். அவள் புடவைகளை யார் மடித்து வைப்பது என்றுகூட யோசனை ஓடியது. சீ.

ஏப்ரல் 13, வியாழன்

சித்திரை முதல் தேதி. கோவிலிலிருந்து யாரோ பாயசம் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் கரைசலின் பதம். எனக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தேன். வசந்தி குடித்தாள்.

கனகத்துக்கு ஊசி போட்டு மாற்றிவிட்டார்கள். மயக்கத்திலும் முனகினாள். மடக்கில் திரும்பவும் ரத்தம்.

சிலிண்டரில் பாதிக்கும் கீழே. பிஷன் தூக்கிப் பார்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 15, சனி

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது.

இன்றும் கெட்டிக் கரைசல்தான், மூன்று குடுவை. கரைத்த பாத்திரத்தை வடித்த தண்ணீர் கொஞ்சம் விட்டு அலசினேன். சித்திரை வெயிலில் போர்ட் பிளேரில் அலசிய தண்ணீரை யார் கீழே கொட்டுகிறார்கள். அரிசி கழுவியது செடிக்கு, கை கழுவியது வாசலுக்கு. இங்கே வந்து மூன்று வருடத்தில் எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது. அடுத்த கரைசலுக்கு ஆகும் என்று ஒரு குடுவையில் ஊற்றி வைத்தேன். நாலாவது மூக்கில் சும்மா மாட்டுகிற குடுவைக்கு விரிசல். வேறு காலிக் குடுவை இல்லை. அலசிய தண்ணீர்க் குடுவையையே எடுத்தேன். அப்படியே மாட்டினால் பம்பில் கொதித்து ஏறிவிடும், அதனால் அதையும் பனி ஸ்பிரிட்டில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினேன். சுவரோடு மெல்லிய பால் நிறத் தோலாக உறைந்தது. மாட்டினேன். மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மூன்றில் மூன்றும் பலகை.

நாலாவதைக் கழுவ எடுத்த பிஷன், "சாப், இதில் மக்டி ஜாலா" என்றார். சிலந்தி கூடு கட்டியிருக்கிறது என்கிறார். மூடிய குடுவைக்குள் சிலந்தி எப்படி வரும்.

வாங்கிப் பார்த்தேன். குடுவைச் சுவர் முழுக்க வெள்ளையாக, மூச்சு விட்டால் அசைகிற மாதிரி. இடுக்கியால் எடுத்தேன். வந்தது. கிழியாமல் வந்தது. பஞ்சைவிட மெல்லிசு.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நூல்கள். தறிகெட்டுப் பின்னிக்கிடக்கும் நூல்கள். பக்கத்தில் வைத்த பருத்தி இழை கப்பல் கயிறு மாதிரி தெரிந்தது. சில நூல்கள் லென்ஸுக்கே எட்டவில்லை, இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு கோடு.

கெட்டியாகக் கரைத்துக் கரைத்து நாசமாக்கியிருக்கிறேன். பசை நிறைய இருந்தால் ஐஸுக்கு நடுவில் சேர்ந்து சுவராக நிற்கிறது. தண்ணீராக இருந்தால், அதுவும் ஒரு நொடியில் உறைந்தால், பசைக்குச் சுவர் கட்ட ஆள் போதவில்லை. நூலாகத்தான் நிற்க முடிகிறது. கரன்டுக்கும் தண்ணீருக்கும் பயந்து பயந்து நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறேன்.

பிஷனைக் கட்டிக்கொண்டேன். அவர் பயந்துவிட்டார்.

ஏப்ரல் 16, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படிக்க வெட்கமாக இருக்கிறது.

காலையில் ஆய்வகத்தைத் திறந்தால் தட்டில் பஞ்சு இல்லை. பிசின் சொட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊர்க் காற்றே பாதித் தண்ணீர். உப்பு ஜாடி கசிகிற ஊரில் இவ்வளவு மெல்லிய நூலைத் திறந்து வைத்தவன் நான். ஈரத்தை உறிஞ்சி உருகிச் சுருங்கிவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே.

ஏப்ரல் 17, திங்கள்

கனகத்துக்குக் காய்ச்சல். கட்டு மாற்றும்போது இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், ஒருவன் நான். டாக்டர் அம்மா மடக்கைக் காட்டினார். சீழ். மஞ்சள்.

கனகம் என்னிடம் பேசவில்லை. நான் பிடித்துக்கொண்டதால்.

மத்தியானம் யோசித்தது: மெஷினிலிருந்து எடுத்த நொடியே ஸ்பிரிட்டில் போட வேண்டும், காற்றே படக் கூடாது. ஸ்பிரிட்டில் கால்சியம் குளோரைடு கரைத்து வைத்தால் நூல் அதிலேயே இறுகிவிடும். அப்புறம் தண்ணீரில் கரையாது, கூழாக மட்டும் ஆகும். சுண்ணாம்புச் சத்து பட்டால் பாசிப் பசை இறுகும் என்பது என் பிழைப்பே. இதற்கு இத்தனை நாளா.

ஏப்ரல் 19, புதன்

நீர்த்த கரைசல், மூன்று குடுவை. சுழற்றி உறையவைத்தோம். பன்னிரண்டரைக்குக் கரன்ட் போய்விட்டது. எல்லாம் போனது. மூன்றும்.

சிலிண்டர் தீர்ந்தது. கடைசியில் பையில் விழுந்த பனி ஒரு கைப்பிடி.

அண்ணாச்சியிடம் போனேன். கடையில் கூட்டம், வெயிலுக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. இரண்டாவது சிலிண்டர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கப்பல் இன்னும் மெட்ராஸை விட்டே கிளம்பவில்லையாம். ஓரமாக நின்றேன். கூட்டம் குறைந்ததும் அவரே கேட்டார்.

"என்ன சார், தங்கச்சிக்கு எப்படி இருக்கு?"

காய்ச்சல் என்றேன். பஜாரில் நின்று அழுதேன், ஆமாம், அழுதேன், பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அண்ணாச்சி குழாயைக் கழற்றினார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து: "சோடா காலி. கலரும் காலி. மோர் வேணும்னா வீட்டுல போய்க் குடிங்க." என்னிடம்: "அரைதான் இருக்கும். இதுக்கு மேல எங்கிட்ட இல்ல, ஆமா."

ஏப்ரல் 20, வியாழன்

மேகம் கொஞ்சம். மழை இல்லை.

கரன்டோடு சண்டை போட முடியாது. அது இருக்கிற நேரத்துக்குள் காய்கிற அளவுதான் உறையவைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு குடுவையிலும் கொஞ்சமே கொஞ்சம், சுவரில் பூசிய மாதிரி. நாலு மூக்கிலும். பம்ப் எண்ணெயை மாற்றினோம். காலை எட்டுக்கே ஆரம்பித்தோம். பிஷன் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்திருந்தால் கரன்ட் போகாது என்பதைப் போல. நானும் எழுந்து போகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு. போகவில்லை. ஒன்று. விசிறி ஒரு தடவை மெதுவாகிப் பிறகு பிடித்துக்கொண்டது.

ஒன்றே முக்காலுக்குக் குடுவைகளைத் தொட்டால் குளிர் இல்லை. காய்ந்துவிட்டது. ஸ்பிரிட்டை நேராகக் குடுவைக்குள்ளேயே ஊற்றினேன். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் விரித்து அழுத்தினேன்.

கனகத்தின் உள்ளங்கை அளவு இருக்கும். அவ்வளவுதான். அத்தனை வாயு, அத்தனை நாள், அவள் உள்ளங்கை அளவு.

ஓரத்தில் நூல் அளவு கிள்ளி உப்புத் தண்ணீரில் போட்டேன். ஊதிக் கூழானது. கையில் வைத்துத் தண்ணீர் விட்டேன், வழுக்கிப் போனது.

இரண்டேகாலுக்குக் கரன்ட் போனது.

ஏப்ரல் 22, சனி

ஸ்பிரிட் ஜாடியோடு டாக்டர் அம்மா முன்னால் நின்றேன். எத்தனை பேருக்குப் போட்டுப் பார்த்தது என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பேன்.

மடக்கில் மட்டும் என்றேன். இந்தத் துண்டு அதற்குத்தான் போதும், வேறெங்கும் போட இல்லவே இல்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போல. சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் அம்மா ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கடல்பாசியா?"

"ஆமாம்."

"எங்க ஊர்ல இதைத் தென்னைக்கு எருவாப் போடுவாங்க." ஜாடியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே: "திங்கட்கிழமை கொண்டு வாங்க. மடக்குல மட்டும். காய்ச்சல் கூடுச்சுன்னா உடனே எடுத்துடுவேன்."

ஏப்ரல் 24, திங்கள்

வைத்தாகிவிட்டது. பழைய துணியை எடுக்கும்போது கனகம் மயங்கிவிட்டாள். ஸ்பிரிட்டை வடித்து உலரவைத்து, மயக்கத்திலேயே மடக்கில் இதை விரித்தார்கள். ஈரத்தில் படிந்து, தோலோடு தோலாகக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மற்ற இடங்களில் வழக்கமான துணி.

நாளைக் கழித்துத் திறப்பார்கள். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. மெஷினுக்குத் தார்ப்பாய் போட்டோம். அண்ணாச்சிக்குச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கொடுக்கும் முன் பிஷன் தட்டிக் காட்டினார், காலி, மணி மாதிரி ஒலித்தது.

ஏப்ரல் 25, செவ்வாய்

காய்ச்சல் கூடவில்லை. குறையவும் இல்லை.

வசந்தியை அழைத்துப்போய்க் கீழே நின்று மாடி ஜன்னலைக் காட்டினேன். கனகத்தைத் தூக்கி உட்காரவைத்து ஜன்னலோரம் முகத்தைக் காட்டச் சொல்லியிருந்தேன். வரவில்லை. வசந்தி நாய் ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் மெட்ராஸை விட்டு இன்னும் கிளம்பவில்லை.

ஏப்ரல் 26, புதன்

சிஸ்டர் தட்டைக் கொண்டுவந்தார். நிக்கோபாரிப் பெண், தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். கனகம் தட்டைக் கண்டதும் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்ட அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் என்னைத் தொட்டது இப்போதுதான். நகம் பதிந்தது.

டாக்டர் அம்மா மடக்கிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். மேல்துணியை வெட்டினார்கள். உள்ளே கூழ், கஞ்சி ஆடை மாதிரி. சிஸ்டர் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை விட்டார். ஓரம் எழும்பியது. இன்னும் கொஞ்சம் விட்டார். மொத்தமும் தானாக வழுக்கித் தட்டில் விழுந்தது. யாரும் இழுக்கவில்லை. அடியில் இளஞ்சிவப்பு. ரத்தம் இல்லை. டாக்டர் அம்மா குனிந்தவர் நிமிரவே இல்லை.

கனகம் இன்னும் துண்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறக்காமல், துண்டை விட்டாள்.

"எப்ப ஆரம்பிப்பாவ?"

சிஸ்டர் சொன்னார்: "ஹோ கயா, அக்கா. மடக்கு ஆயாச்சு."

கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நம்பவில்லை, திரும்பக் கையைப் பார்த்தாள்.

அப்புறம் தோளுக்கு வந்தார்கள். விலாவுக்கு வந்தார்கள். அங்கெல்லாம் துணி. அதே குரல். மாடிப்படி வரை கேட்டிருக்கும். நான் மணிக்கட்டைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்து, உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கப் படுத்துக் கிடந்தவள் சொன்னாள்:

"நாளக்கழிச்சு திரும்ப வருவாவளாம். வரட்டும். நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீய? போங்க. தோளுக்கும் செஞ்சு கொண்டாங்க."

விட்டுவிடச் சொல்லி இத்தனை நாள் கெஞ்சியவள். வரட்டும் என்கிறாள்.

சரி என்று எழுந்து வந்தேன். சிலிண்டர் காலி என்று சொல்லவில்லை.